விசா கார்ட் முடியும் நேரத்தில் ஊருக்கு வருகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

நல்லூர்க் கொடியேற்றம் நெருங்கும்போது என் மேசைக்கு இரண்டு வகைக் கடதாசிகள் வரத் தொடங்கும். ஒன்று, மொழிபெயர்க்க வேண்டிய பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்கள். அது என் தொழில். மற்றது என் தொழிலே இல்லை: வெளிநாட்டில் இருந்து திருவிழாவுக்கு வந்தவர்கள் பேர்ஸுக்குள் இருந்து எடுத்து நீட்டும் விசா கார்ட், அதாவது அங்கே வாழ்வதற்கான வதிவிட அனுமதி அட்டை. "தம்பி, இது அடுத்த மாதம் முடியுது. திரும்பிப் போய்ச் செய்யலாம்தானே?"

பிந்திப் போச்சு அண்ணை என்று சொல்ல வாய் வராது. ஆனால் பல நேரம் அதுதான் பதில்.

கார்டில் அச்சிட்ட திகதியைக் கடைசி நாளாக எடுப்பதில்தான் எல்லாம் தொடங்குகிறது. அது கார்ட் செத்துப் போகும் நாள். விண்ணப்பிக்க வேண்டிய நாள் அதற்கு வெகு முன்னரே வந்து போய்விடும். பிரான்சில் இணையவழியாகப் புதுப்பிக்கிறவர்கள், கார்ட் முடிய நான்கு மாதம் இருக்கும்போது தொடங்கி, இரண்டு மாதம் இருக்கும்போதே போட்டு முடித்துவிட வேண்டும். பிந்தினால் தண்டப்பணமும் உண்டு. சுவிஸில் மூன்று மாதத்துக்கு முன்னர் தொடங்கலாம். குறைந்தது இரண்டு கிழமைக்கு முன்னராவது கொடுத்திருக்க வேண்டும். ரிக்கற் மலிவாகக் கிடைக்கிறதா என்று பார்க்க முன்னர் இந்தக் கணக்கைப் பாருங்கள்.

"விண்ணப்பம் போட்டாச்சு, கடதாசி தந்திருக்கினம்" என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் அடுத்த வகை. கடதாசி இருந்தால் போதாது, அது எந்தக் கடதாசி என்பதுதான் கேள்வி. ஜெர்மனியில் இருந்து வந்த என் மச்சான் ஒருவர் இப்படித்தான் 'பிக்சியோன்' கடதாசியோடு, அதாவது முடிவு வரும் வரைக்குமான தற்காலிக அத்தாட்சியோடு, வந்து இறங்கினார். முன்பக்கத்தில் பெயரும் படமும் இருந்ததோடு திருப்தி. உள்ளே சின்ன எழுத்தில் சில பெட்டிகள் இருக்கும். ஜெர்மன் வதிவிடச் சட்டத்தின் 81ஆம் பிரிவின் 4ஆம் உட்பிரிவுக்கு எதிரே அடையாளம் இருந்தால், பழைய விசா தொடர்கிறது என்று அர்த்தம்; முடிந்த கார்டையும் கடவுச்சீட்டையும் சேர்த்துக் காட்டித் திரும்பிப் போகலாம். 3ஆம் உட்பிரிவில் இருந்தால் ஜெர்மனிக்குள் இருக்க மட்டும்தான் அனுமதி, வெளியே வந்தால் அதை வைத்துத் திரும்பி நுழைய முடியாது. நாங்கள் இரண்டு பேரும் கைபேசி வெளிச்சத்தில் அந்தப் பெட்டிகளைத் தேடினோம். 4இல்தான் அடையாளம் இருந்தது. மச்சான் அதற்குப் பிறகுதான் சாப்பிட்டார். கார்ட் முடிய முன்னரே விண்ணப்பித்திருந்தது அவரைக் காப்பாற்றியது.

வயதானவர்கள் செய்யும் பிழை வேறு. சுவிஸில் சி விசா (நிரந்தர வதிவிட அனுமதி) வைத்திருக்கும் ஓர் அன்ரி கேட்டார்: "ஐந்தாம் மாதம் ஒருக்காப் போய் முகத்தைக் காட்டிப்போட்டு வந்தால் சரிதானே தம்பி?" சரியில்லை. அறிவிக்காமல் ஆறு மாதம் வெளிநாட்டில் இருந்தால் சி விசா தானாகவே அற்றுப் போகும். இடையில் சுற்றுலா மாதிரிப் போய்வந்தால் அந்தக் கணக்கு முறியாது. ஊரில் நீண்ட காலம் இருக்க ஆசையென்றால், ஆறு மாதம் முடிய முன்னரே கன்ரோன் (மாநில) அலுவலகத்துக்கு எழுதிக் கேட்க வேண்டும். நான்கு வருடம் வரை விசாவைத் தக்கவைக்க அனுமதி கிடைக்கலாம். இதைத் தெரியாமல் வீட்டைத் திருத்தி, மாமரம் வைத்து, ஒன்பதாம் மாதம் திரும்பப் போக ரிக்கற் தேடுகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.

கனடாக்காரருக்குச் சுருக்கமாக: பிஆர் (நிரந்தர வதிவிட) கார்டைக் கனடாவுக்குள் இருந்துதான் புதுப்பிக்கலாம். இங்கே வைத்து முடிந்தால், கொழும்பு வழியாகப் பயண ஆவணத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். அப்போது ஐந்து வருடத்தில் 730 நாள் கனடாவில் இருந்தீர்களா என்று எண்ணிப் பார்ப்பார்கள்.

கடவுச்சீட்டை மறப்பதும் வழக்கம். அது முடியப் போகிறதென்றால் புது விசா கார்டும் இழுபடும். இப்போது யாழ்ப்பாணக் கச்சேரியிலேயே (மாவட்டச் செயலகத்தில்) கடவுச்சீட்டு அலுவலகம் இருக்கிறது. 2025 செப்டெம்பரில் திறந்தார்கள், வவுனியாவுக்கு ஓடத் தேவையில்லை. வந்த கையோடு எடுத்துக்கொண்டு போகிறவர்கள் பழைய புத்தகத்தையும் பத்திரமாக வைத்திருங்கள்.

ஆனால் அகதித் தகுதியில் விசா பெற்றவர்கள் இந்த வசதியின் பக்கமே போகக் கூடாது. இலங்கையில் உயிருக்கு ஆபத்து என்று சொல்லித் தஞ்சம் பெற்றவர், இலங்கைக் கடவுச்சீட்டை எடுத்து இலங்கைக்கே வந்துபோனால், அந்த நாட்டின் பாதுகாப்பை மறுபடி ஏற்றுக்கொண்டுவிட்டார் என்று எடுத்துக்கொள்ள இடமுண்டு. சுவிஸ், ஜெர்மனி, பிரான்ஸ் எல்லாவற்றிலும் இது தகுதியைப் பறிக்கக் காரணமாகலாம். கனடாவில் இன்னும் கடுமை: 2012 டிசம்பரில் வந்த சட்டமாற்றத்துக்குப் பிறகு, இப்படி அகதித் தகுதி போனால் பிஆரும் சேர்ந்து போகும். "பிஆர் கிடைச்சு எத்தனை வருசம், இனி என்ன" என்று நினைப்பவர்கள்தான் இதில் மாட்டுகிறார்கள். குடியுரிமை கையில் வரும் வரை பொறுப்பது நல்லது. செத்தவீடு மாதிரித் தவிர்க்கவே முடியாத காரியமென்றால் முதலில் அங்குள்ள ஒரு வழக்கறிஞரிடம் கேளுங்கள். விமானத்தில் பக்கத்துச் சீற்றில் இருந்தவர் சொன்னதை நம்ப வேண்டாம்.

கடைசியாக, யாரும் கேட்காத ஒரு விஷயம்: தபால்பெட்டி. நீங்கள் நல்லூர் வீதியில் அங்கப்பிரதட்சணம் பார்த்துக்கொண்டு நிற்கும்போது, மேலதிக ஆவணம் கேட்டு அலுவலகத்தில் இருந்து பதிவுத் தபால் வந்திருக்கும். சுவிஸில் அதைத் தபாலகம் ஏழு நாள்தான் வைத்திருக்கும். நீங்கள் எடுக்காவிட்டாலும் ஏழாம் நாள் கிடைத்ததாகவே கணக்கு. பதில் அனுப்பும் தவணை அன்றிலிருந்து ஓடும். புறப்பட முன்னர் தபால்பெட்டித் திறப்பை, தபாலகத்தில் உங்கள் பெயரில் எடுக்கும் அதிகாரக் கடிதத்தோடு, கடிதம் வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்துவிட்டு வாருங்கள்.