விடையை ஒளித்து வைத்த கதை

கடலூர் மஞ்சக்குப்பத்தில் அக்கா வீட்டுப் பிள்ளைகளுக்காகப் பைத்தான் என்ற நிரல்மொழியில் ஒரு சின்ன வினாடி வினா எழுதிக் கொடுத்தேன். பத்தே நிமிடத்தில் அக்கா பையன், "மாமா, விடை எல்லாம் உள்ளேயே இருக்கே" என்றான், பயல் நோட்பேடில் கோப்பைத் திறந்து பார்த்திருக்கிறான்!

சரி, விடைகளை மறைக்க ராட்13 (ROT13) என்ற எழுத்து மாற்றும் முறையைப் போட்டால் போதும் என்று நினைத்தேன். ஆங்கிலத்தில் 26 எழுத்து, ஒவ்வொன்றையும் 13 இடம் தள்ளினால் மறைந்துவிடும், இன்னொரு முறை தள்ளினால் பழையபடி வந்துவிடும், பைத்தானிலேயே தயாராகவும் இருக்கிறது. ஓட்டிப் பார்த்தால் விடைகளில் ஒன்றான 'கெடிலம்' (கடலூர் ஆறு) அப்படியே 'கெடிலம்' என்று பல்லை இளிக்கிறது, ஏனென்றால் அது ஆங்கில எழுத்தை மட்டும்தான் தொடும்.

அப்புறம்தான் உறைத்தது, தமிழில் மெய் 18, அதில் பாதி 9. க-வுக்கு ம, ட-வுக்கு வ, ல-வுக்கு ஞ என்று 9 இடம் தள்ளி ஜோடி சேர்த்து, எழுத்துக்கு எழுத்து மாற்ற உதவும் பைத்தானின் மேக்டிரான்ஸில் (maketrans) ஒரு அட்டவணை கொடுத்தேன். கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோடு முறையில் கொம்பும் புள்ளியும் தனிக் குறியீடுகள் என்பதால் அவை இருந்த இடத்திலேயே நின்றுகொள்ள, கெடிலம் 'மெவிஞக்' ஆனது, கடலூர் 'மவஞூச்' ஆனது (இதை வாய்விட்டுப் படித்து வீடே சிரித்தது). ஜ, ஸ போன்ற கிரந்த எழுத்துகளை மாற்றாமல் விட்டுவிட்டேன், சோம்பல்தான்.

இது பூட்டு இல்லை, வெறும் திரைச்சீலை. கடவுச்சொல்லை இப்படி வைத்துவிடாதீர்கள். பையன் இப்போது அட்டவணையைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு விடைகளைப் பிரித்துக்கொண்டிருக்கிறான்.