அமுக்குவான் அமுக்குற அந்த நேரத்துல என்ன பண்ணணும்

முழிச்சிட்டோம்னு நல்லா தெரியுது, மேல ஃபேன் சுத்துறது தெரியுது, பக்கத்துல அம்மா படுத்திருக்கிறது கூட தெரியுது, ஆனா கை கால் அசையல, கத்துனா சத்தம் வரல, நெஞ்சு மேல யாரோ ஏறி உக்காந்திருக்காங்க. ஊர்ல அமுக்குவான்னு சொல்றது இதத்தான், டாக்டருங்க ஸ்லீப் பராலிஸிஸ்னு சொல்லுவாங்க. உயிர் போற பயம் அது, "கனவுதானே"ன்னு யாரும் தள்ளிவிடாதீங்க.

கனவு வர்ற ரெம் தூக்கத்துல, கனவுல ஓடுனா நிஜமாவே எழுந்து ஓடிடக்கூடாதுன்னு மூளை கை கால் தசைய தளர்த்தி வெச்சிடும். சில சமயம் முழிப்பு முதல்ல வந்துடும், உடம்பு விடுபட கொஞ்சம் லேட்டாகும், கனவும் பாதி ஓடிட்டிருக்கும், அதான் வாசப்படியில ஆள் நிக்குற மாதிரி தெரியுது. மூச்சு நிக்காதுங்க, இத மட்டும் மனசுல ஏத்திக்கங்க. நெஞ்சுக்கு கீழ இருக்குற உதரவிதானம்ங்கிற மூச்சு தசை அதுபாட்டுக்கு வேலை செய்யுது, விலா தசை தளர்ந்து கிடக்குறதால இழுத்து மூச்சு விட வரல, அந்த பாரம் அதுதான். பெரும்பாலும் ஒன்னு ரெண்டு நிமிஷத்துக்குள்ள தானா விட்டுடும்.

அதனால மொத்த உடம்பையும் உதறி எழ பாக்காதீங்க, முடியாம போறப்பதான் பயம் ஏறும். கண்ணு அசையும், அத அப்படி இப்படி உருட்டுங்க, மூச்ச இழுக்காம வர்றபடி விடுங்க, கால் கட்டைவிரல் ஒன்ன மட்டும் ஆட்ட பாருங்க, இல்ல நாக்க அசைங்க. பக்கத்துல படுக்குறவங்ககிட்ட பகல்லயே சொல்லி வைங்க, முனகுற சத்தம் கேட்டா தொட்டு பேர் சொல்லி கூப்பிடணும்னு, பல பேருக்கு அந்த தொடுதல்லயே விட்டுடும்.

வராம பாத்துக்க முக்கியமானது தூக்க நேரம். நடுராத்திரி மோட்டார் போட வயலுக்கு போறவங்க, அறுவடை சீசன்ல மிஷின் ஓட்டுற தம்பிங்க, பரீட்சைக்கு கண்ணு முழிக்கிற பிள்ளைங்க, இவங்களுக்கெல்லாம் தூக்கம் துண்டு துண்டாயிடுது, அது போதும் அமுக்குறதுக்கு. ராத்திரி தண்ணி கட்டுனா மறுநாள் கொஞ்சம் தூங்கி ஈடு கட்டுங்க, முறை மாத்திக்க அண்ணன் தம்பி இருந்தா மாத்திக்கங்க. மல்லாக்க படுத்தாதான் அதிகம் வரும், ஒருக்களிச்சு படுங்க. ராத்திரி டீய விட்டுடுங்க.

தலைமாட்டுல இரும்பு வைக்கிறது, விபூதி பூசுறது உங்களுக்கு தெம்புன்னா தாராளமா செய்ங்க. ஆனா வீட்டுல ஒரு பொண்ணுக்கு அடிக்கடி வருதுன்னா பேய் புடிச்சிருச்சுன்னு வேப்பிலை அடிக்க இழுத்துட்டு போகாதீங்க தயவுசெஞ்சு, அந்த பயத்துல இருக்குற தூக்கமும் கெட்டு இன்னும் அதிகமா வரும்.

எப்பவாவது வந்தா ஆபத்தில்ல. அடிக்கடி வருது, பகல்ல கட்டுப்படுத்த முடியாத தூக்கம், சிரிக்கும்போது முழங்கால் தொய்யுது, இல்ல பெருசா குறட்டை விட்டு மூச்சு திணறுதுன்னா தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் மாதிரி பெரிய ஆஸ்பத்திரில நரம்பு டாக்டர பாருங்க, எத்தன மணிக்கு படுத்தீங்க, எப்ப அமுக்குச்சுன்னு ஒரு நோட்டுல எழுதி எடுத்துட்டு போங்க.