கிழக்குக் கடற்கரைச் சாலையில் பைக் பயணம்: திட்டமிடும்போதே நேரும் தவறுகள்

சென்னை திருவான்மியூரில் புறப்பட்டு, புதுச்சேரி, நாகப்பட்டினம், இராமநாதபுரம், தூத்துக்குடி வழியாகக் கன்னியாகுமரி வரை கரையோரமாகவே பைக்கில் போக வேண்டும் என்ற ஆசை பலருக்கு உண்டு. ஏறக்குறைய 800 கிலோமீட்டர். தமிழ்நாட்டில் இதைவிட நல்ல பாதை ஒரு பைக்குக்குக் கிடையாது என்பேன். ஆனால் இதில் போனவர்கள் பலர், "கடலையே சரியாகப் பார்க்கவில்லை, ஓட்டிக்கொண்டே இருந்தோம்" என்று சொல்லித் திரும்புகிறார்கள். அந்த வருத்தத்துக்கு வீட்டில் போட்ட திட்டம்தான் காரணம்.

பெயரில் கடற்கரை இருப்பதால் கடல் கூடவே வரும் என்று நினைத்துவிடுகிறோம். மரக்காணத்தில் உப்பளங்களும் கழிவெளி ஏரியும் கண்ணில் படும். கடலூர் தாண்டினால் சாலை உள்ளே விலகிச் சிதம்பரம், சீர்காழி என்று வயல்களுக்கு நடுவே போகிறது. கடல் வேண்டுமானால் அடிக்கடி சாலையை விட்டு இடப்பக்கம் திரும்பியாக வேண்டும்: பிச்சாவரம், பூம்புகார், டேனியர் கோட்டை நிற்கும் தரங்கம்பாடி, வேதாரண்யத்தைத் தாண்டிக் கோடியக்கரை, மல்லிப்பட்டினம் அருகே சரபோஜி மன்னர் எழுப்பிய மனோரா. இந்தத் திருப்பங்கள்தாம் பயணம். ஒவ்வொன்றும் சில கிலோமீட்டரையும் ஒன்றிரண்டு மணி நேரத்தையும் கேட்கும். அவற்றைக் கணக்கில் சேர்க்காமல், 800 கிலோமீட்டரை மூன்றால் வகுத்து நாளைக்கு இவ்வளவு என்று எழுதி வைத்தால் எந்த இடத்திலும் இறங்க மனம் வராது.

இராமநாதபுரத்தில் இந்தக் கணக்கு இன்னும் மோசமாக இடிக்கிறது. அங்கிருந்து பாம்பன் பாலம் ஏறி, இராமேசுவரம் தாண்டி, தனுஷ்கோடி அரிச்சல்முனையைத் தொட்டுத் திரும்ப மட்டும் 150 கிலோமீட்டர் அளவுக்கு ஆகிவிடும். 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊர் அது. இரவில் தங்க இடமில்லை, பெட்ரோல் பங்க் இல்லை, மாலைக்குப் பிறகு வாகனங்களை உள்ளே விடுவதுமில்லை. வேளாங்கண்ணியில் காலையில் கிளம்பி மாலைச் சூரியனை அரிச்சல்முனையில் பார்த்துவிடலாம் என்று எழுதிய திட்டம் சோதனைச் சாவடியிலேயே முடிந்துவிடும். இராமேசுவரத்தில் இரவு தங்கி, பெட்ரோல் போட்டுக்கொண்டு, காலையில் போவதே சரி. சாலையின் இரு பக்கமும் கடல் விரிந்து கிடக்கும் அந்த இடத்துக்காக ஒரு காலை நேரத்தை முழுதாக ஒதுக்கலாம்.

நான் சொல்லும் கணக்கு இது. முதல் நாள் சிதம்பரம். இரண்டாம் நாள் பூம்புகார், தரங்கம்பாடி பார்த்துக்கொண்டு வேளாங்கண்ணி. தூரம் குறைவு, நேரம் நிறைய. மூன்றாம் நாள் முத்துப்பேட்டை, தொண்டி வழியாக இராமேசுவரம். இதுதான் நீளமான நாள், விடியும்போதே கிளம்ப வேண்டும். நான்காம் நாள் தனுஷ்கோடி பார்த்துவிட்டுத் தூத்துக்குடி. ஐந்தாம் நாள் திருச்செந்தூர், மணல்மேட்டின் மேல் தேவாலயம் நிற்கும் மணப்பாடு, உவரி, கன்னியாகுமரி. கோடியக்கரையில் பறவைகளையும் வெளிமான்களையும் பார்க்க விரும்புகிறவர்கள் ஆறாம் நாளைச் சேர்த்துக்கொள்ளட்டும்.

எந்த மாதம் என்பதை லீவு கிடைப்பதை வைத்து முடிவு செய்வது அடுத்த தவறு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை நேராக இந்தக் கரையில்தான் இறங்குகிறது; புயல் சின்னம் உருவானால் பயணத்தைத் தள்ளிப்போடுவதைத் தவிர வழியில்லை. மே மாதத்து வெயிலில் இராமநாதபுரத்துக்குத் தெற்கே நிழல் தேடி அலைய நேரும். ஓடும் பைக்கில் காற்று வியர்வையை உடனே உலர்த்திவிடுவதால் உடலில் நீர் குறைவது தெரியாது, தலை சுற்றும்போதுதான் தெரியும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குக் காற்று பக்கவாட்டில் அடித்துப் பைக்கைத் தள்ளும். பாம்பன் சாலைப் பாலம் 2 கிலோமீட்டருக்கும் மேல் நீளம், மறைப்பே கிடையாது. ரயில் பாலத்தைப் படம் எடுக்க அதன் நடுவே பைக்கை நிறுத்துகிறார்கள். காற்றும் பேருந்துகளும் சேர்ந்து வரும் இடத்தில் அதைச் செய்யவே கூடாது. ஜனவரியும் பிப்ரவரியும் எனக்குப் பிடித்த மாதங்கள். அப்போதும் டெல்டாவில் சம்பா அறுவடை நடக்கும், நெல்லையும் வைக்கோலையும் சாலையில் காய வைத்திருப்பார்கள். வைக்கோலின் மேல் பிரேக் பிடித்தால் டயர் வழுக்கும்.

திருவிழா நாட்காட்டியைப் பலர் திறப்பதே இல்லை. ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழா. அறை கிடைக்காது என்பதைவிடப் பெரிய விஷயம், அதற்கு முந்தைய நாட்களிலேயே ஆயிரக்கணக்கானோர் இதே சாலையில் இரவு பகலாக நடந்து வருவார்கள் என்பது. தைப்பூசத்துக்கும் ஐப்பசிச் சூரசம்ஹாரத்துக்கும் திருச்செந்தூர், தசராவுக்குக் குலசேகரன்பட்டினம் ஆகியவையும் அப்படித்தான். இருட்டில் ஓரமாக நடக்கும் மனிதர்கள், படுத்திருக்கும் மாடுகள், வெள்ளைக்கோடு அழிந்த வேகத்தடைகள் எல்லாம் இருப்பதால், சூரியன் மறைந்த பிறகு ஓட்டும்படி எந்த நாளையும் அமைக்கக் கூடாது. இதில் விட்டுக்கொடுக்க எதுவுமில்லை.

பைக்கைப் பொறுத்தவரை உப்புக்காற்றை மறந்துவிடுகிறோம். செயினில் உப்பும் மணலும் சேர்ந்தால் வேகமாகத் தேயும். தனுஷ்கோடி போய் வந்த அன்றே நல்ல தண்ணீரில் கழுவி, உலர்த்தி, செயினுக்கு எண்ணெய் விட வேண்டும். படத்துக்காக மணலுக்குள் பைக்கை இறக்க வேண்டாம். சைட் ஸ்டாண்ட் புதைந்து வண்டி சாயும், தூக்க ஆள் இருக்காது. ஏர்வாடி, சாயல்குடி, வேம்பார் பக்கம் ஊர்கள் தள்ளித் தள்ளி இருக்கின்றன. டேங்க் பாதியானதும் நிரப்பிவிடுங்கள். பஞ்சர் ஒட்டும் பொருட்களும் ஒரு கிளட்ச் கேபிளும் பையில் இருக்கட்டும்.

பின்னால் உட்கார்பவருக்கு நல்ல ஹெல்மெட் இல்லாமல் கிளம்புவதை நான் தவறு என்றுகூடச் சொல்ல மாட்டேன், அது அநியாயம். புதுச்சேரியிலும் காரைக்காலிலும் மது மலிவு என்பதற்காகக் குடித்துவிட்டு ஓட்டுவதும் அதே கணக்குதான். 100 மி.லி. ரத்தத்தில் 30 மி.கி. ஆல்கஹாலைத் தாண்டினால் சட்டப்படி குற்றம். ஓட்டும் நாளில் ஒரு துளியும் வேண்டாம்.

கடைசியாக, திரும்பி வரும் வழி. கன்னியாகுமரி வரைக்கும் திட்டமிட்டுவிட்டு, சென்னை வரையுள்ள 700 கிலோமீட்டரை மதுரை, திருச்சி வழியாக ஒரே நாளில் ஓட்டி முடிக்கிறார்கள். ஐந்து நாள் களைப்போடு நான்குவழிச் சாலையில் கண் செருகும் பயணம் அது. அதற்கு இரண்டு நாள் வைத்து மதுரையிலோ திருச்சியிலோ தூங்குங்கள். முடியாவிட்டால் நாகர்கோவிலில் பைக்கை ரயில் பார்சலில் போட்டுவிட்டு நீங்களும் ரயிலிலேயே வரலாம். ஆர்.சி. புத்தகமும் அடையாள அட்டையும் அவற்றின் நகல்களும் வேண்டும், பெட்ரோலை முழுதும் வடித்துவிட வேண்டும், வண்டியைச் சாக்கால் நன்றாகச் சுற்றிக் கட்ட வேண்டும். பார்சல் அலுவலகத்துக்குச் சில மணி நேரம் முன்பே போய்விடுங்கள்.