புது கேம் வாங்கியதும் அலாரம் வையுங்கள்

போன வருடக் கடைசியில் 80 வெள்ளி கொடுத்து ஒரு கேம் வாங்கினேன். பெயர் வேண்டாம். முகம், தாடி, காது வளையம் என்று ஆளை அலங்கரிக்கவே முக்கால் மணி நேரம் போனது. சண்டை தொடங்கியதும் கம்ப்யூட்டர் திணறியது. செட்டிங்ஸை நோண்டிக்கொண்டிருந்ததில் 2 மணி நேரம் தாண்டிவிட்டது. காசு போனது போனதுதான்.

கம்ப்யூட்டர் கேம் விற்கும் ஸ்டீம் என்ற இணையக் கடையில் வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால், காரணம் எதுவானாலும் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். மெனுவைத் திறந்து வைத்துவிட்டுத் தேக்காவுக்குச் சாப்பிடப் போனாலும் அந்தக் கடிகாரம் ஓடும். அதனால் கிடைத்த முகத்தோடு உள்ளே போங்கள். கூட்டம், மழை, வெடி உள்ள இடத்தில்தான் திணறல் தெரியும். போனில் 90 நிமிடத்துக்கு அலாரம் வையுங்கள்.

சுவிட்ச், பிளேஸ்டேஷன் போன்ற கேம் கருவிகள் என்றால் நான் டிஜிட்டலாக வாங்குவதில்லை. கார்ட்ரிட்ஜோ டிஸ்கோ கையில் இருந்தால், பிடிக்காதபோது பழைய பொருள் விற்கும் கரோசெல் ஆப்பில் போட்டு எம்ஆர்டி நிலையத்தில் கைமாற்றிவிடலாம்.

அவசரமில்லையா, காத்திருங்கள். 'நோ மேன்ஸ் ஸ்கை' 2016இல் வந்தபோது வாங்கியவர்கள் திட்டித் தீர்த்தார்கள். இலவச அப்டேட்கள் வந்து வந்து இன்று அது வேறு கேமாகவே மாறிவிட்டது.

எனக்கு மனசு நிறைந்தது என்னவோ 'ஸ்டார்டியூ வேலி'தான். எரிக் பாரோன் என்ற ஒரே ஆள் உருவாக்கிய பண்ணை கேம் அது. இப்போது என் பண்ணையில் அக்கா மகள் கோழி வளர்க்கிறாள். முட்டை விற்ற காசில் மாமாவுக்குப் பங்கில்லையாம்.