சர்வே பதில்களுக்குப் புள்ளியியல் சோதனை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

'ஆம்', 'இல்லை' என்று பதில்கள் கைக்கு வந்ததும் பலரும் யோசிக்காமல் கை-வர்க்கச் (chi-square) சோதனையைப் போட்டுவிடுகிறார்கள். குழுக்களிடையே தெரியும் வித்தியாசம் வெறும் தற்செயலா என்று பார்க்க, புள்ளியியலாளர் கார்ல் பியர்சன் 1900-இல் தந்த அருமையான கருவி அது. ஆனால் அட்டவணையில் ஓர் ஆள் ஒரே கட்டத்தில், ஒரே முறைதான் எண்ணப்பட்டிருக்க வேண்டும். இந்த நிபந்தனையை மறப்பதுதான் தவறுகளிலேயே பெரியது என்பேன்.

ஒரு கணக்கைப் பாருங்கள். பயிற்சிக்கு முன் 100 பேரில் 50 பேர் 'ஆம்' என்றார்கள்; பயிற்சிக்குப் பின் அதே 100 பேரில் 60 பேர். இதை 200 தனித்தனி ஆட்களாக எண்ணிக் கை-வர்க்கம் போட்டால் விடை சுமார் 2.02. 5 சதவீத மட்டத்துக்கு (உண்மையில் வித்தியாசமே இல்லாதபோதும் இப்படி வர 5 சதவீத வாய்ப்புதான் என்ற எல்லைக்கு) வேண்டிய 3.84-ஐ அது தொடவில்லை. 'பயிற்சியால் பலன் தெரியவில்லை' என்று எழுதிவிடுவோம். ஆனால் உண்மையில் மனம் மாறியவர்கள் யார்? 15 பேர் 'இல்லை'யிலிருந்து 'ஆம்'முக்கு வந்தார்கள், 5 பேர் எதிர்த்திசையில் போனார்கள் என்று வையுங்கள். மெக்னமார் சோதனை இந்த 20 பேரை மட்டும் பார்க்கிறது: வித்தியாசம் 10, அதன் வர்க்கம் 100, 20-ஆல் வகுத்தால் 5. இது அதே 3.84-ஐத் தாண்டுகிறது; இப்போது முடிவே மாறிவிட்டது. பதில்கள் அதேதான், யாருடைய பதில் எது என்று இணைத்துப் பார்த்தோம், அவ்வளவுதான். அதனால், முன்-பின் சர்வே எடுக்கும்போதே ஒவ்வொருவருக்கும் ஓர் அடையாள எண் கொடுத்துவிடுங்கள். பிறகு தேடினால் கிடைக்காது.

'பொருந்துவன எல்லாவற்றையும் குறிக்கவும்' வகைக் கேள்வியிலும் இதே சிக்கல்தான். மூன்று டிக் அடித்தவர் மூன்று ஆளாகிவிடுகிறார். ஒவ்வொரு தெரிவையும் தனி ஆம்/இல்லைக் கேள்வியாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

கட்டங்களில் சதவீதத்தை இடுவதும் ஆபத்து. 20 பேரில் 12, இன்னொரு 20 பேரில் 8 என்றால் விடை 1.6. அதையே 60, 40 என்று சதவீதமாக இட்டால் 8! நாற்பது பேரை இருநூறு பேராக ஊதிவிட்டோம்.

சிறிய எண்ணிக்கை வந்தால் ஃபிஷரின் துல்லியச் சோதனைக்குப் போகலாம். ஆனால் '5-க்குக் குறையக் கூடாது' என்ற வழக்கமான விதி எதிர்பார்க்கப்படும் அலைவெண்ணுக்கானது (குழுக்களிடையே வித்தியாசமே இல்லையென்றால் அந்தக் கட்டத்தில் வரவேண்டிய எண்ணிக்கை), கண்ணில் படும் எண்ணிக்கைக்கு அல்ல.

'முற்றிலும் உடன்படவில்லை'யிலிருந்து 'முற்றிலும் உடன்படுகிறேன்' வரை போகும் ஐந்து பதில்களில் ஒரு வரிசை இருக்கிறது. கை-வர்க்கம் அதைக் கண்டுகொள்ளாது. நெடுவரிசைகளை எப்படி மாற்றி வைத்தாலும் அதே விடைதான் வரும். இரு குழுக்களை ஒப்பிட, அந்த வரிசையைக் கணக்கில் கொள்ளும் மான்-விட்னி சோதனை பொருத்தம். அந்த ஐந்து பதில்களை இரண்டாகச் சேர்ப்பதானால், பதில்களைப் பார்ப்பதற்கு முன்பே முடிவு செய்து எழுதி வையுங்கள்.