மலையூர்க் குடிநீருக்குக் கணக்குக் கேட்கும் முறை

கோத்தகிரி, கூடலூர்ப் பக்கம் ஊற்றும் ஓடையும் உள்ள ஊர்களிலேயே கோடையில் குழாய் வறண்டு போகிறது. சில ஆண்டுகளில் மழை குறைந்தது உண்மைதான். ஆனால் தொட்டி கட்டியதற்கும் மோட்டார் பழுது பார்த்ததற்கும் எழுதப்பட்ட செலவை எவரும் சரிபார்க்காத ஊரில், நல்ல மழை பெய்த ஆண்டிலும் இதே நிலைதான்.

ஆப்பிரிக்காவிலும் இந்தச் சிக்கல் உண்டு. தென்னாப்பிரிக்காவுக்குத் தண்ணீர் அனுப்பும் லெசோத்தோ என்ற நாட்டின் மலைநாட்டு அணைத் திட்டத்தின் தலைமை அதிகாரியாக இருந்த மசுஃபா சோலே, பன்னாட்டு ஒப்பந்த நிறுவனங்களிடம் கையூட்டுப் பெற்றதற்காக 2002-இல் தண்டிக்கப்பட்டார். கொடுத்ததற்காகக் கனடாவின் ஏக்கர்ஸ் நிறுவனமும் அதே ஆண்டில் தண்டிக்கப்பட்டது. வழக்குக்கு வலுச் சேர்த்தவை சுவிஸ் வங்கிக் கணக்கு ஆவணங்கள். நாமும் வாய்ச்சண்டையை விட்டு ஆவணத்தைத் தேட வேண்டும்.

முதல் ஆவணம் நம் கையிலேயே உருவாக வேண்டும். ஒரு நோட்டில் நாள், தண்ணீர் திறந்த நேரம், நின்ற நேரம், 15 லிட்டர் குடம் நிரம்ப ஆன நொடிகள் ஆகியவற்றை எழுதி வாருங்கள். ஜல் ஜீவன் திட்டத்தின் அளவு ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு 275 லிட்டர், அதாவது 18 குடத்துக்குச் சற்று மேல். மேட்டு வீட்டிலும் பள்ளத்து வீட்டிலும் தனித்தனியே அளப்பது கட்டாயம். ஏனெனில் சரிவில் அமைந்த ஊரில் கீழ்க்குழாயில் தண்ணீர் கொட்டும்போதே மேல் வரிசைக் குழாயில் வெறும் காற்று வரும், சராசரி போட்டால் அந்த வீடுகளின் தவிப்பு கணக்கிலேயே வராது. டேங்க் ஆப்பரேட்டரைக் குற்றவாளியாக நிறுத்தாதீர்கள். எந்த வால்வு பழுது, எத்தனை நாளாகப் பழுது என்பது அவருக்குத்தான் தெரியும்.

தரத்தையும் பாருங்கள். தண்ணீரின் தரம் பார்க்கும் கள ஆய்வுப் பெட்டியில் உள்ள சிறு பாட்டிலில் குழாய்த் தண்ணீரைப் பிடித்து வைத்து, ஓரிரு நாளில் அது கறுத்துப் போனால் கழிவு கலந்திருக்கலாம் என்று பொருள். உடனே ஆய்வகச் சோதனை கேளுங்கள். தென்னாப்பிரிக்காவில் 2008-இல் தொடங்கிய 'புளூ டிராப்' தர அறிக்கை பல ஆண்டுகள் வெளிவராமல் நின்றது. அது 2023-இல் முழுமையாகத் திரும்பியபோது, 46 விழுக்காடு குடிநீர் அமைப்புகள் நுண்ணுயிர்த் தரத்தில் தேறவில்லை என்று தெரிந்தது. முடிவுகளை ஊரறிய வெளியிடுவதை நிறுத்த விடக் கூடாது என்பதற்கு இதைவிட வலுவான சான்று வேண்டியதில்லை.

அடுத்தது தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிய மனுவில் "ஏன் தண்ணீர் வரவில்லை" என்று கேட்காதீர்கள். அதற்கு மழுப்பலான பதிலே வரும். இன்ன பணியின் மதிப்பீடு, பணி ஆணை, எம்.புக் (செய்த வேலையின் அளவுகளைப் பதியும் புத்தகம்), செலவுப் பட்டியல் (பில்) ஆகியவற்றின் நகல் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். அதே சட்டத்தின்படி பணியை நேரில் பார்வையிடவும் உரிமை உண்டு: எம்.புக்கில் எழுதிய குழாயின் நீளத்தை டேப் பிடித்து அளந்து விடலாம்.

உங்கள் நோட்டுக் கணக்கு, மனுவில் கிடைத்த செலவுக் கணக்கு ஆகிய இரண்டையும் மார்ச் 22 கிராம சபையில் அடுத்தடுத்துப் படியுங்கள். கோரிக்கையைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் செய்து, எழுதியதைப் படிக்கக் கேட்ட பிறகே கையொப்பமிடுங்கள். மனுவுக்கு 30 நாளில் பதில் வராவிட்டால், அதன்பின் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யுங்கள்.