முன் ஸ்ப்ராக்கெட்டை வீட்டிலேயே மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மோட்டார் சைக்கிளின் முன் ஸ்ப்ராக்கெட்டை, அதாவது கியர்பாக்ஸ் ஷாஃப்டில் அமர்ந்து செயினை இழுக்கும் பற்சக்கரத்தை, மாற்றுவது பெரிய வேலை அன்று. வண்டிக்கு உரிய பாக்ஸ் ஸ்பேனரும் இறுக்கத்தை அளந்து காட்டும் ஒரு டார்க் ரெஞ்சும் கையில் இருந்தால், பொறுமையுள்ள எவரும் ஒரு முற்பகலுக்குள் முடித்துவிடலாம். ஆனாலும் இந்தச் சிறிய வேலையில் ஆயில் சீல் கிழிவதும், போல்ட்டின் மறை (திருகுப் புரி) அறுந்துபோவதும், எஞ்சினின் வெளிக்கூடான கிராங்க் கேஸில் விரிசல் விழுவதும் அடிக்கடி நடக்கின்றன. எதை முதலில் தளர்த்துவது, எதை இறுதியில் இறுக்குவது என்ற வரிசையைக் கவனிக்காததே இவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம்.

உங்கள் வண்டியில் ஸ்ப்ராக்கெட் எப்படிப் பூட்டப்பட்டிருக்கிறது என்பதை அறியாமல் அதை மூடியிருக்கும் கவரைத் திறப்பதுதான் முதல் தவறு. சிறிய கம்யூட்டர் வண்டிகள் பலவற்றில், ஷாஃப்டின் காடிக்குள் சற்றுத் திருப்பி நிறுத்தப்பட்ட ஒரு தகட்டை இரண்டு சிறிய போல்ட்டுகள் ஸ்ப்ராக்கெட்டோடு பிணைத்திருக்கும். வேறு சிலவற்றில் நடுவில் ஒரே பெரிய நட்டும், அது கழலாதபடி ஓரத்தில் மடித்துவிடப்பட்ட லாக் வாஷரும் இருக்கும். இன்னும் சிலவற்றில் சர்க்ளிப் (காடியில் பொருந்தும் வளையக் கிளிப்) மட்டுமே இருக்கும். பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட்டில் முன் ஸ்ப்ராக்கெட் கிளட்சுக்கும் பிரைமரி செயினுக்கும் பின்னால் இருப்பதால், அந்த வண்டியில் இந்த வேலையை அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் விட்டுவிடுவதே நல்லது.

உதிரிப்பாகம் வாங்கும்போதும் தவறு நேர்கிறது. தேய்ந்து நீண்டுவிட்ட செயினோடு புதிய ஸ்ப்ராக்கெட்டைச் சேர்த்தால் அதன் பற்கள் விரைவிலேயே கொக்கிபோல் வளைந்துவிடும். ஆகவே செயின் தேய்ந்திருந்தால் இரண்டு ஸ்ப்ராக்கெட்டுகளையும் செயினையும் ஒரு செட்டாக மாற்றுவதே சிக்கனம். செயினின் எண்ணைப் பார்த்து வாங்குவதும் அவசியம்: 428 செயினின் பிட்ச் (அடுத்தடுத்த இரண்டு பின்களுக்கு இடையிலான தூரம்) 12.7 மி.மீ., 520 செயினின் பிட்ச் 15.875 மி.மீ.; ஒன்றுக்குரிய ஸ்ப்ராக்கெட் மற்றொன்றில் பொருந்தாது. இழுவை வேண்டும் என்பதற்காக ஒரு பல் குறைவாகப் போடுபவர்கள் அதன் விளைவைக் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். முன்னால் 15, பின்னால் 43 பற்கள் உள்ள வண்டியில் முன்னதை 14 ஆக்கினால், அதே வேகத்துக்கு எஞ்சின் ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதலாகச் சுழலும். பின்னால் மூன்று பற்களைக் கூட்டுவதற்கு இது சமம். சிறிய ஸ்ப்ராக்கெட்டில் செயின் கூர்மையாக வளைவதால் தேய்மானமும் கூடும். அன்றாடம் நெடுஞ்சாலையில் ஓட்டுபவருக்கு இந்த மாற்றத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கழற்றும் வரிசையில்தான் மிகப் பெரிய தவறு நிகழ்கிறது. நடு நட்டு உள்ள வண்டிகளில், செயினை முதலில் கழற்றிவிட்டுப் பிறகு நட்டைத் தளர்த்த முயன்றால் ஸ்ப்ராக்கெட் நட்டோடு சேர்ந்தே சுழலும். அதைத் தடுக்கப் பற்களுக்கு இடையே ஸ்க்ரூடிரைவரைச் செருகுவதும், உளியும் சுத்தியலும் கொண்டு நட்டை அடிப்பதும் அலுமினியக் கேஸை உடைக்கக்கூடிய செயல்கள். வண்டியின் பின்சக்கரம் தரையில் ஊன்றியிருக்க, செயின் தன் இடத்திலேயே இருக்க, ஒருவர் பின் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொள்ள, மற்றவர் லாக் வாஷரின் மடிப்பை நிமிர்த்திவிட்டு நட்டைத் தளர்த்துவதே சரியான முறை. செயினே ஸ்ப்ராக்கெட்டை நிறுத்திப் பிடித்துக்கொள்வதால் அந்த விசை கியர்பாக்ஸ் பற்களின்மீது ஏறுவதில்லை; கியரைப் போட்டு மட்டும் சமாளிக்க நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நட்டு நெகிழ்ந்த பிறகுதான் ஆக்ஸில் நட்டைத் தளர்த்தி, சக்கரத்தை முன்னே தள்ளி, செயினுக்குத் தொய்வு கொடுக்க வேண்டும். மறை எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை முன்பே சர்வீஸ் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். இடப்பக்க மறையை, அதாவது எதிர்த்திசையில் தளரும் மறையை, வழக்கமான திசையில் திருகினால் அது மேலும் இறுகும்.

கவரைத் திறப்பதற்காகக் கியர் லீவரைக் கழற்றும்போது அதன் போல்ட்டைத் தளர்த்தினால் மட்டும் போதாது. அந்தப் போல்ட் பெரும்பாலும் ஷாஃப்டில் உள்ள காடியின் வழியாகச் செல்வதால், அதை முழுவதும் வெளியே எடுத்தால்தான் லீவர் வரும். எடுக்காமல் தட்டினால் ஷாஃப்ட் கெடும். கிளட்ச் ரிலீஸ் அமைப்பு ஸ்ப்ராக்கெட் கவரிலேயே உள்ள வண்டிகளில், கவர் திறந்திருக்கும்போது கிளட்ச் லீவரை ஒருபோதும் அழுத்தாதீர்கள். ஹைட்ராலிக் கிளட்ச் என்றால் பிஸ்டன் வெளியே வந்துவிடும்.

கவருக்குள் படிந்திருக்கும் கிரீஸ் சேற்றைச் சுரண்டும்போது, ஷாஃப்டைச் சுற்றியுள்ள ஆயில் சீலின் மேல் கூர்மையான எதுவும் படக்கூடாது. சிறிய கீறல்கூட எஞ்சின் ஆயிலைக் கசியவிடும். மரக்குச்சியும் மண்ணெண்ணெயில் நனைத்த துணியும் போதும். ஓ ரிங் (இணைப்புகளில் உள்ள ரப்பர் வளையம்) உள்ள செயினைப் பெட்ரோலில் கழுவுவது ரப்பரைக் கெடுக்கும்.

பழைய ஸ்ப்ராக்கெட்டின் எந்த முகம் வெளியே இருந்தது என்பதைக் கழற்றும் முன்பே படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்தில் மேடு உள்ள ஸ்ப்ராக்கெட்டைத் திருப்பிப் போட்டால் செயின் நேர்கோட்டில் ஓடாது. தகடு வகையில் புதிய ஸ்ப்ராக்கெட் ஷாஃப்டின் மேல் உள்ளும் வெளியும் சற்று அசையும். அது இயல்பானது, அதை நிறுத்த வாஷர் சேர்ப்பது தவறு. ஆனால் சுழலும் திசையில் ஆட்டம் இருந்தால் ஸ்ப்ராக்கெட்டைப் பிடித்திருக்கும் ஷாஃப்டின் வரிப்பற்கள் தேய்ந்திருக்கக்கூடும்.

ஒருமுறை மடித்த லாக் வாஷரை மீண்டும் பயன்படுத்தாதீர்கள். அது முறிந்தால் ஓடும் வண்டியில் நட்டு கழன்றுவிடும். தகட்டைப் பிடிக்கும் 6 மி.மீ. போல்ட்டுகளுக்குப் பொதுவாகச் சுமார் 10 நியூட்டன் மீட்டர் இறுக்கமே போதும். நீண்ட ஸ்பேனரால் முழு பலத்தையும் கொடுத்தால் மறை அறுந்துவிடும். நடு நட்டின் இறுக்க அளவு வண்டிக்கு வண்டி பெரிதும் மாறுவதால், கையேட்டில் உள்ள எண்ணையே பின்பற்ற வேண்டும். அந்த இறுதி இறுக்கத்தையும், செயினைப் பூட்டி, தொய்வைச் சரிசெய்த பின்னர், பின் பிரேக்கை அழுத்திக்கொண்டே கொடுக்க வேண்டும்.

செயினை வீணை நரம்புபோல் இறுக்கி வைப்பது பலரிடம் உள்ள பழக்கம். அதனால் கியர்பாக்ஸ் பேரிங்கும் ஆயில் சீலும் பாதிக்கப்படும். பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மில் ஒட்டப்பட்ட வில்லையில் குறித்துள்ள தொய்வை, சக்கரத்தைக் கையால் சிறிது சிறிதாகச் சுழற்றிப் பல இடங்களில் அளந்து, மிக இறுக்கமான இடத்திலும் அந்த அளவு குறையாதபடி வையுங்கள். கிளிப் உள்ள செயினானால் கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையை நோக்கி இருக்க வேண்டும். சென்டர் ஸ்டாண்டில் எஞ்சினை இயக்கி, கியரைப் போட்டு, ஓடும் செயினில் எண்ணெய் விடுவதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். துணியோடு சேர்த்து விரல்களை ஸ்ப்ராக்கெட்டுக்குள் இழுத்துக்கொள்ள ஒரு நொடி போதும். எஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்துவிட்டே செயினில் கை வைக்க வேண்டும்.

டிரம் பிரேக் உள்ள வண்டிகளில் இன்னொன்றும் மறந்துவிடுகிறது. புதிய, நீளாத செயினைப் போட்டதும் பின்சக்கரம் முன்னே நகர்கிறது. உடனே பிரேக் கம்பி தளர்ந்து, பெடலை வழக்கத்தைவிட ஆழமாக மிதித்தால்தான் பிரேக் பிடிக்கும். மாறாக, அதே 428 செயினுடன் ஒரு பல் குறைவான ஸ்ப்ராக்கெட்டைப் போட்டால் சக்கரம் ஏறத்தாழ 3 மி.மீ. பின்னே செல்வதால் பிரேக் உரசிக்கொண்டே ஓடக்கூடும். ஆக்ஸில் நட்டை இறுக்கியதும் பிரேக் பிடிக்கும் முன் பெடல் நகரும் தூரத்தைச் சரிசெய்து, சக்கரம் தடையின்றிச் சுழல்வதைப் பார்த்துவிட்டு, வீட்டு வாசலிலேயே மெதுவாக ஓட்டிப் பின் பிரேக்கைச் சோதித்த பிறகே வண்டியைச் சாலைக்கு எடுங்கள்.